பன்னிரண்டாவது மாத்திரை

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டுக் கம்பளத்துக்கு அடியிலிருந்து ‘வாஹ்’ என்ற சத்தம் வரும். பத்துப் பன்னிரண்டு ஆண்கள் ஒரே மூச்சில் சொல்லும் ‘வாஹ்’. பலகைத் தரையைத் தாண்டி, குப்புறப் படுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் செய்யும் என் வயிற்றில் அது மெல்ல வந்து இடிக்கும். கூடவே ஏலக்காய் போட்ட தேநீரின் வாசமும், மழையில் நனைந்த கோட்டுகளை ஹீட்டரின் மேல் போட்டால் எழும் புழுங்கிய வாசமும் படிக்கட்டு வழியாக ஏறி வரும். அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார். “தொடங்கிட்டாங்கள்” என்பார்.

சவுத்தாலில் ஒரு வீட்டின் மேல்மாடியில் நாங்கள் இருந்தோம். அப்பா, அம்மா, நான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்றாவது வாடகை வீடு அது. கீழ்மாடியில் சர்மா அங்கிளும் விமலா ஆன்ட்டியும் அவர்களுடைய மகள் பிங்கியும் இருந்தார்கள். அவர்கள் கான்பூர்ப் பக்கத்துக்காரர்கள். தெரு முழுவதும் பஞ்சாபி பேசியது. அந்த ஒரு கதவுக்குள் மட்டும் கீழே ஹிந்தியும் மேலே தமிழும். அங்கிள் சிவப்பு பஸ் ஓட்டினார். ஆன்ட்டியும் என் அம்மாவும் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தார்கள். ஆன்ட்டிக்குக் காலை ‘ஷிப்ட்’, அம்மாவுக்குப் பின்னேர ‘ஷிப்ட்’. அவர் திரும்பி வரும் நேரத்தில் அம்மா போவார். அதனால் பள்ளி விட்டு வந்து அப்பா வரும்வரை நான் கீழ் வீட்டில் பிங்கியோடு இருப்பது என்று, இரண்டு பேருக்கும் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில், அம்மாக்கள் இருவரும் பேசி முடித்திருந்தார்கள்.

கீழே நடப்பதற்குப் பெயர் ‘கவி கோஷ்டி’, கவிதை வாசிக்கும் கூட்டம். அப்பாவுக்கு அந்தச் சொல்லே ஒரு பகிடி. “கோஷ்டி சேர்ந்தால் அடிபாடுதானே நடக்கும், இவங்கள் என்ன தேத்தண்ணி குடிக்கிறாங்கள்” என்பார். அதைவிடப் பெரிய பகிடி அங்கிளின் புனைபெயர். அவர் ‘பரதேசி’ என்ற பெயரில் கவிதை வாசித்தார். ஹிந்தியில் அது ஊரைவிட்டுத் தூரம் போனவனைக் குறிக்கும், அவனுக்காகக் காத்திருக்கிறவர்கள் ஏக்கத்தோடு சொல்லும் சொல். எங்கள் வீட்டிலோ யாரையாவது திட்டும்போதுதான் வரும். இந்தக் கட்டுரையில் எல்லோருடைய பெயரையும் மாற்றியிருக்கிறேன். இந்தப் புனைபெயரை மட்டும் மாற்றவில்லை, மாற்றினால் நான் சொல்லப்போகும் கணக்குப் பிழைத்துவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில், பிங்கியும் நானும் சத்தம் போடாமல் இருப்பதாக வாக்குக் கொடுத்தால், முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவே உள்ள வாசலில் உட்கார்ந்து பார்க்க விடுவார்கள். சோபாக்களைச் சுவரோடு தள்ளிவிட்டு, தரையில் வெள்ளை விரிப்பு விரித்து, அதில் எல்லோரும் சம்மணமிட்டு உட்காருவார்கள். ஒரு பல் வைத்தியர், விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் இரண்டு பேர், ஒரு மளிகைக் கடைக்காரர், இன்னும் சிலர். நடுவில் மிஸ்ரா ஜி. ஊரில் கல்லூரியில் ஹிந்தி படிப்பித்துவிட்டு மகனோடு வந்து இருந்த வயதானவர். கோஷ்டிக்கு எப்போதும் அவர்தான் தலைமை. ஒருவர் ஒரு வரியின் முதல் பாதியைச் சொல்வார். மற்றவர்கள் அதை வாங்கித் திரும்பச் சொல்வார்கள். அவர் இன்னொரு தடவை, இன்னும் மெதுவாகச் சொல்வார். இப்படி இழுத்து இழுத்து வரியின் முடிவுக்கு வரும்போது, கடைசிச் சொல் எதுவென்று அந்த அறைக்கே தெரிந்துவிடும். வாசிப்பவர் வாய் திறப்பதற்குள் எல்லோருமாகச் சேர்ந்து அதைச் சொல்லிவிடுவார்கள். பிறகுதான் அந்த ‘வாஹ்’. ஒரு கவிதையைப் பத்துப் பேர் சேர்ந்து முடித்து வைப்பதை அதற்கு முன் நான் கண்டதில்லை. எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் செய்யுளை மனப்பாடம் செய்து, கையைக் கட்டிக்கொண்டு ஒப்புவிப்போம். பிழைத்தால் தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டும்.

மற்றவர்களின் கவிதைகளில் ஊர் மழை வரும், மாம்பழம் வரும், விசா வரும். அங்கிளின் கவிதைகள் வேறு மாதிரி. அவற்றில் எப்போதும் ஒரு பெண் பேசினாள். பனியில் பஸ்ஸுக்கு நிற்கிற பெண், வெங்காய வாசம் போகாத கையால் தன் பிள்ளையின் கன்னத்தைத் தொடத் தயங்குகிற பெண். ஆண் பெண்ணின் குரலில் பாடுவது ஹிந்திக் கவிதையில் பல நூறு வருடத்து வழக்கம் என்று மிஸ்ரா ஜி சொல்வார். பெரிய ஞானிகளே தங்களை மணப்பெண்ணாக வைத்துக் கடவுளைப் பாடியிருக்கிறார்களாம். அதனால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. “பரதேசிக்குப் பெண் மனம் தெரியும்” என்பார் பல் வைத்தியர். அங்கிள் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொள்வார். வாசிக்கத் தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் அவர் சமையலறைப் பக்கம் பார்ப்பார். தேநீர் வருகிறதா என்று பார்க்கிறார் என நான் நினைத்தேன்.

எனக்கு ஹிந்தி வந்தது பிங்கியால். அவள் சனிக்கிழமைகளில் கோயிலில் நடக்கும் ஹிந்தி வகுப்புக்குப் போனாள், நான் தமிழ் வகுப்புக்கு. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு விளங்காமல் கடிதம் எழுதுவதற்காக, ஆங்கிலச் சொற்களை ஹிந்தி எழுத்தில் எழுதப் பழகினோம். அப்படித்தான் எழுத்து எல்லாம் எனக்குத் தெரிந்தது. பேச்சோ அந்தச் சமையலறையில் கேட்டுக் கேட்டு ஒட்டிக்கொண்டது. ஒருநாள் அவளுடைய வகுப்பில் தோஹா என்ற ஈரடிப் பாட்டைப் பற்றிப் படிப்பித்தார்கள். ஒவ்வொரு அடியும் இரண்டு துண்டு, முதல் துண்டுக்குப் பதின்மூன்று மாத்திரை, இரண்டாவதுக்குப் பதினொன்று. மாத்திரை என்றதும் நான் துள்ளிக்கொண்டு எழும்பினேன். எங்களிலும் மாத்திரை இருக்கிறது, குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை என்றேன். அரை மாத்திரை என்று உலகத்தில் ஒன்றும் இல்லை என்று அவள் சண்டைக்கு வந்தாள். அந்தக் கிழமை முழுவதும் கண்ணில் பட்டதையெல்லாம் விரல் விட்டு எண்ணிக்கொண்டு திரிந்தோம். தெருப் பெயர்களை, சோப்புப் பெட்டிகளை, ஆசிரியர்களின் பெயர்களை.

அந்த நாட்களில் ஒன்றில்தான் சமையலறை மேசையில் அந்தத் தாளைக் கண்டேன். விமானத்தில் சாப்பாட்டுத் தட்டோடு வைக்கும் மெனுத் தாள்களில் அச்சுப் பிழைத்தவற்றைத் தொழிற்சாலையில் வீசிவிடுவார்கள்; ஆன்ட்டி அவற்றில் ஒரு கட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார். அதில் ஒன்றின் பின்பக்கத்தில் பென்சிலால் இரண்டு வரி. உருளைக்கிழங்கு அவிந்துகொண்டிருந்தது, ஆன்ட்டி முதுகு காட்டி நின்றார். நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். விடிவதற்கு முன் அடுப்பையும் வீட்டையும் விட்டு ஒருத்தி போய்விட்டாள். வாசல்படி அவளுக்காக வழி பார்க்கிறது. கடைசித் துண்டு ‘ஸூகே பீகே ஹாத்’. காய்ந்தன, நனைந்தன கைகள். உடனே எண்ணினேன். ஸூ, கே, பீ, கே, நான்கும் நெடில், எட்டு. ஹாத் மூன்று, ஏனென்றால் கடைசித் ‘த’வைத் தமிழில் ஒற்றாக அரையாக்குவோம், பிங்கியின் கணக்கில் அதற்கு முழுசாய் ஒன்று. பதினொன்று. கணக்குச் சரியாக வந்த சந்தோஷத்தில் “ஆன்ட்டி, சரியாகப் பதினொன்று” என்றேன். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். தாளை எடுத்து மாவு டின்னுக்குக் கீழே வைத்தார்.

அதை ஒரு ரகசியம் என்று நான் நினைக்கவே இல்லை. அந்த வீட்டில் சமோசாவைச் செய்தது யார் என்று வருகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். கவிதையும் அதைப் போலத்தான் என்று நினைத்தேன். ஆன்ட்டி எழுதுகிறார், அங்கிள் வாசிக்கிறார். என் அப்பாவுக்கு வரும் கவுன்சில் கடிதங்களை நான் வாசிப்பதில்லையா.

அந்த மாதக் கோஷ்டிக்கு முந்திய கோஷ்டியில் மிஸ்ரா ஜி அங்கிளிடம் ஒரு குறை சொல்லியிருந்தார். பழைய கவிகள் எல்லோரும் பாட்டின் கடைசி அடியில் தங்கள் பெயரை வைத்தார்கள், அதற்கு ‘சாப்’ என்று பெயர், முத்திரை. நெசவு செய்தவர் வைத்தார், செருப்புத் தைத்தவர் வைத்தார், அரண்மனையை விட்டு இறங்கி வந்த ஒரு பெண்ணும் வைத்தார். அதனால்தான் இத்தனை நூறு வருடம் கழித்தும் எந்தப் பாட்டு யாருடையது என்று தெரிகிறது. “உன் தோஹாக்களில் மட்டும் முத்திரையே இல்லை, பரதேசி. யாருடையவை அவை?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அங்கிளும் சிரித்தார்.

அந்த மாதக் கோஷ்டியில் கடைசியாக அங்கிளின் முறை வந்தது. கைக்குட்டையை மடியில் வைத்துக்கொண்டு அவர் தொடங்கினார். விடிவதற்கு முன் ஒருத்தி போய்விட்டாள், அடுப்பையும் வீட்டையும் விட்டு. அறை அதை வாங்கித் திரும்பச் சொன்னது. எனக்குத் தெரிந்த பாட்டு என்று கண்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன், பெரியவர்களைப் போல நானும் கடைசிச் சொல்லை முந்திச் சொல்லலாம் என்று. ‘வாசல்படி வழி பார்க்கிறது’ என்றார் அங்கிள். இன்னொரு தடவை சொன்னார். பிறகு, ‘கஹே பரதேசி, ஹாத்’ என்று முடித்தார். சொல்கிறான் பரதேசி, கைகள்.

என் விரல் தானாக எண்ணியது. கஹே மூன்று, பரதேசி ஆறு, ஹாத் மூன்று. பன்னிரண்டு. அந்தக் கைகள் நனையவும் இல்லை, காயவும் இல்லை. வெறுமனே தொங்கிக்கொண்டு நின்றன.

“அங்கிள், ஒரு மாத்திரை கூடிவிட்டது” என்றேன், ஹிந்தியில், நல்ல சத்தமாக. “ஆன்ட்டி எழுதியது ஸூகே பீகே ஹாத். அதுதான் பதினொன்று.”

யாரோ தேநீர்க் கோப்பையைத் தட்டில் வைத்தது பெரிய சத்தமாகக் கேட்டது. மிஸ்ரா ஜியின் பெருவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஒவ்வொன்றாக நகர்ந்தது. கடைசிக் கணுவில் நின்றது. அவர் தலையைத் தூக்கி அங்கிளைப் பார்க்க, அங்கிள் விரிப்பைப் பார்த்தார். அவருடைய காது இரண்டும் சிவந்திருந்தன. பிங்கி என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். அப்போதும் நான் என்ன செய்தேன் என்று எனக்கு விளங்கவில்லை. எல்லோரும் எண்ணுகிறார்கள், எண்ணி முடித்ததும் ‘வாஹ்’ சொல்வார்கள் என்று காத்திருந்தேன்.

ஆன்ட்டி என் பின்னால் வந்து நின்றார். ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, மிக இயல்பான குரலில் பேசினார்.

“பிள்ளைக்குத் தெரியாமல் சொல்கிறது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதி வைப்பேன், அதைப் பார்த்திருக்கிறது. மதராசிப் பிள்ளை. ஹிந்தி மாத்திரை அதற்கு எப்படித் தெரியும்?”

முதலில் பல் வைத்தியர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், மூச்சை அடக்கி வைத்திருந்தவர்கள் விடுவதைப் போல. ஒருவர் என் தலையைத் தடவி, இட்லி, தோசை என்று ஏதோ சொன்னார். நான் ஆன்ட்டியைத் திரும்பிப் பார்த்தேன். என்னைப் ‘பிட்டியா’ என்று, மகளே என்று, ஒவ்வொரு நாளும் கூப்பிட்டவர். அவர் கண் என் தலைக்கு மேலால் அங்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தது. பதினொன்று என்று நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தவர் அவர். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். ஒரு பெரிய ஆள், எனக்குச் சோறு போடுகிற ஆள், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொய் சொல்வார் என்பதும், அந்தப் பொய்க்கு என்னையே எடுத்துப் பாவிப்பார் என்பதும் பதினொரு வயதில் எனக்குள் போகவே இல்லை. செருப்பையும் போடாமல் மாடிக்கு ஓடினேன்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். “கண்டதையெல்லாம் சொல்லக் கூடாது பிள்ளை, அதுவும் இன்னொரு வீட்டுக்குள்ள இருந்துகொண்டு” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பாவுக்குக் கோபம் வேறு இடத்தில் வந்தது. “நாங்கள் மதராசே? யாழ்ப்பாணம் எண்டு சொல்லியிருக்கலாமெல்லே” என்றார். அடுத்த நாள் பள்ளி விட்டதும் மன்னிப்புக் கேட்பதற்காகக் கீழ் வீட்டுக் கதவைத் தட்டினேன். ஆன்ட்டி பாதிக் கதவைத் திறந்தார். நான் சொன்னதைக் கேட்டார். பிங்கிக்கு இனி நிறைய வீட்டுப்பாடம் இருக்கும் என்றார், ஆங்கிலத்தில். என்னோடு அவர் ஆங்கிலம் பேசியது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு என் கழுத்தில் ஒரு நூலில் வீட்டுச் சாவி தொங்கியது. பள்ளி விட்டு வந்து நானே திறந்து, நானே பூட்டிக்கொண்டு இருந்தேன். பிங்கி பள்ளிக்கூடத்தில் என்னோடு பேசினாள், ஆனால் ஹிந்தி எழுத்தில் கடிதம் எழுதுவதை விட்டுவிட்டாள். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை நான் கம்பளத்தில் படுத்துக் காது வைத்துக் கேட்டேன். கீழே தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும்தான். அதற்கடுத்த மாதமும் அப்படித்தான். அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டவில்லை. ஒரு பேச்சால் ஒரு வீட்டையே வாயடைக்க வைத்துவிட்டேன் என்று நான் முடிவுக்கு வந்தேன்.

கோடை தொடங்கும் நேரத்தில் ஒரு சனிக்கிழமை அங்கிள் மேலே வந்தார். பஸ் சீருடையோடு, சப்பாத்தைப் படிக்கட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு. அம்மா தேநீர் கொடுத்தார். அவர் அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, அப்பாவைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார்: “உங்கள் மகள் சரியாகத்தான் எண்ணினாள். அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

அப்பா, சின்னப் பிள்ளை, தெரியாமல் பேசிவிட்டாள் என்றார். அங்கிள் இல்லை என்று தலையாட்டினார். தான் பள்ளியில் ஹிந்திப் பாடத்தில் இரண்டு தடவை தோற்றவன் என்றார். லண்டனுக்கு வந்த வருடம் ஒருவருடைய வீட்டில் கோஷ்டி நடந்ததாம். பெண்கள் உள்ளறையில் இருந்தார்களாம். ஆன்ட்டி ஒரு தாளை மடித்து இவர் சட்டைப் பையில் வைத்து, யாராவது கேட்டால் வாசியுங்கள் என்றாராம். “வாசித்தேன். கைதட்டினார்கள். யார் எழுதியது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள். அடுத்த மாதம் இன்னொன்று கொடுத்தாள். ஒன்பது வருடம். பஸ்ஸை ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் நிறுத்தும்போது மனப்பாடம் செய்வேன். எந்தச் சொல்லில் மூச்சு விட வேண்டும் என்றுகூட அவள்தான் சொல்லித் தருவாள். மேடையில் ஏறுகிறவனுக்கு இருக்கும் பயம் எனக்கு ஒவ்வொரு மாதமும் இருந்தது.” பிறகு என்னைப் பார்த்து, “விமலாவுக்கு உன்மேல் கோபம் இல்லை” என்றார்.

பரதேசி என்று ஆயிரம் தடவை பகிடி பண்ணிய என் அப்பா, அவர் போகும்போது எழுந்து படிக்கட்டு வரை போய் வழியனுப்பினார். திரும்பி வந்து “பாவம் மனுசன்” என்றார். அவ்வளவுதான். கோபம் இல்லை என்றால் ஏன் கதவைத் திறக்கிறார் இல்லை என்று நான் அம்மாவிடம் கேட்டேன். அம்மாவுக்கும் தெரியவில்லை. அந்த வருடம் முடிவதற்குள் அவர்கள் ஹேய்ஸ் பக்கம் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

இதெல்லாம் நடந்து முப்பது வருடத்துக்கு மேல். நான் இப்போது ஹரோவில் இருக்கிறேன், கண்ணாடிக் கடை ஒன்றில் கண் பரிசோதிக்கிற வேலை. சென்ற இலையுதிர் காலத்தில் பிங்கி கனடாவிலிருந்து என்னைத் தேடிப் பிடித்தாள். அங்கிள் இறந்து பல வருடம் ஆகிவிட்டது, ஆன்ட்டி ஹேய்ஸில் முதியோருக்கான குடியிருப்பில் தனியாக இருக்கிறார், கண் மங்கலாகிறது என்கிறார், ஒருதடவை போய்ப் பார்ப்பாயா என்று கேட்டாள். போவதா விடுவதா என்று இரண்டு கிழமை யோசித்தேன்.

போனேன். கதவை முழுதாகத் திறந்தார். என்னை உடனே அடையாளம் கண்டு ‘பிட்டியா’ என்றார், பிறகு ஹிந்தியில் எதையோ வேகமாகச் சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அவ்வளவு காலம் பேசாமல் இருந்ததில் அந்த மொழி என்னை விட்டுப் போயிருந்தது. எழுத்துகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. ஆங்கிலத்தில் பேசினோம். ஒரு கண்ணில் புரை நன்றாக முற்றியிருந்தது. பார்த்து முடித்து, வைத்தியருக்குக் கடிதம் எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டு, இத்தனை வருடம் வைத்திருந்ததைக் கேட்டேன். அன்றைக்கு நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் கோஷ்டி நின்றிருக்காதுதானே?

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

“உன்னாலா? இல்லையே. அவர் என் வரியை மாற்றினார். நான் உள்ளே அரிசி கழுவிக்கொண்டு நின்றேன். என்னிடம் கேட்காமல் அந்தப் பெயரைக் கொண்டுபோய் அதற்குள் வைத்தார். நீ சொல்வதற்கு முன்னாலேயே நான் எண்ணிவிட்டேன். அந்த இடத்திலேயே முடிவு செய்தேன், இனி ஒன்றும் கொடுப்பதில்லை என்று.”

முப்பது வருடம் என்னுடையது என்று நான் தூக்கிக்கொண்டு திரிந்த குற்றம், அரிசி கழுவும் நேரத்துக்குள் வேறு யாரோ தீர்த்து முடித்த விஷயம் என்று கேட்டபோது எனக்கு வந்தது ஆறுதல் என்று சொல்ல முடியாது. அப்படியென்றால் ஏன் என்னை அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். மதராசி என்று. அவர் கொஞ்சமும் தயங்கவில்லை.

“அவர் அவமானப்படப் போனார். கோபம் எனக்கும் அவருக்கும் நடுவில், அது வேறு. அந்த அறையில் இருந்தவர்கள் உடனே நம்பக்கூடிய சொல் எது என்று பார்த்தேன். அது கையில் இருந்தது. எடுத்தேன். நம்பினார்களா இல்லையா?”

நம்பினார்கள் என்றேன்.

பிறகு எழுதவே இல்லையா என்று கேட்டேன். நிறைய எழுதியதாகச் சொன்னார். பதினான்கு கொப்பிகள். வீட்டை விற்று இந்தக் குடியிருப்புக்கு வந்தபோது வைக்க இடம் இல்லை. கவுன்சிலின் மறுசுழற்சிப் பெட்டியில் போட்டுவிட்டாராம். “பிளாஸ்டிக் அட்டையோடு போட்டால் எடுக்க மாட்டார்கள். ஒவ்வொன்றின் அட்டையையும் கிழித்து வேறாகப் போட்டேன். ஒரு பின்னேரம் முழுவதும் அந்த வேலை” என்றார். புதன்கிழமை லாரி வந்து எடுத்துப் போனதாம். பிங்கியைக் கேட்டிருக்கலாமே என்றேன். பிங்கிக்கு ஒன்றும் தெரியாது, அன்று தான் சொன்னதை அவளும் நம்பினாள், நம்பியபடியே இருக்கட்டும் என்றார். “அவளுக்குக் கவிஞர் அப்பா ஒருவர் இருந்தார். அதை நான் ஏன் எடுக்க வேண்டும்? நீயும் சொல்லாதே.” ஒன்றாவது நினைவில் இருக்கிறதா, சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் யோசித்துப் பார்த்தார், உண்மையாகவே யோசித்தார், பிறகு இல்லை என்று தலையாட்டிவிட்டு என் அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

பெப்ரவரியில் அவர் இறந்தார். நித்திரையிலேயே போய்விட்டார் என்று பிங்கி சொன்னாள். தகன மண்டபத்தில் இருபது பேர் இருந்தோம். மிஸ்ரா ஜியும் பல் வைத்தியரும் மற்றவர்களும் எப்போதோ போய்விட்டார்கள். அந்த முன்னறையில் இருந்த ஒரு முகமும் அங்கே இல்லை. பிங்கி மேடைக்கு வந்து, தன் அப்பா ஒரு கவிஞர், அம்மா அவருக்குத் துணையாக இருந்தவர், கோஷ்டி ஒன்றில் யாரோ பதிவு செய்த பழைய கசெட்டிலிருந்து அப்பாவின் கவிதை ஒன்று தன்னிடம் இருக்கிறது, அம்மாவை அதோடு அனுப்ப விரும்புவதாகச் சொன்னாள். அங்கிளின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. இளமையான, நடுங்குகிற குரல். அவர் ஒவ்வொரு பாதியையும் சொல்லி நிறுத்த, பின்னால் அந்த ஆண்கள் அதை வாங்கிச் சொன்னார்கள். எனக்குப் பொருள் விளங்கவில்லை. எது யாருடையது என்று மட்டும் தெரியும். சவப்பெட்டியைத் திரை மூடும்வரை, விரல்கள் எண்ணத் தொடங்காமல் இருக்க, என் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும் பிங்கி என்னைக் கட்டிப்பிடித்து, டாடி எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறார் பார்த்தாயா என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன்.

திரும்பி வரும்போது சவுத்தாலில் இறங்கி அந்தத் தெரு வழியாக நடந்தேன். நாங்கள் இருந்த வீட்டை ஆறு அறைகளாகப் பிரித்து மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். முன்னறை ஜன்னலில் சைக்கிள் ஒன்று சாய்ந்து நின்றது. லண்டனில் இப்போதும் ஹிந்திக் கவிதை வாசிக்கிறார்கள், கைப்பேசியில் அழைப்பு வருகிறது, மண்டபம் பிடித்து, ஒலிபெருக்கி வைத்து, பெண்களும் தங்கள் பெயரிலேயே வாசிக்கிறார்கள். விமலா ஆன்ட்டி எழுதியதில் ஒரு தாள்கூட எங்கும் இல்லை.

இதைத் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் பிங்கி வாசித்துவிடுவாள்.